வீட்டில் ஒருவருக்கு மனநோய்: குடும்பம் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

தமிழ்நாட்டில் அரசு மனநலச் சேவையைத் தேடி வரும் குடும்பங்களோடு ஓ.பி. வரிசையில் நின்று பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். அக்கறை இல்லாத குடும்பம் அபூர்வம். தடுமாற்றம் எல்லாம் வரிசையில்தான். மருந்தே தொடங்காதவருக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்க அலைவார்கள். வர மறுப்பவரிடம் "உனக்கு மனநோய்" என்று நிரூபிக்கப் பார்ப்பார்கள். எல்லாம் சரியாகி வரும் நான்காவது மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பத்துக்கே வந்து நிற்பார்கள்.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), இருமுனை மனநோய் (பைபோலார்), தீவிர மனச்சோர்வு போன்ற பெரிய நோய்களை மனதில் வைத்து எழுதியது இது. தேர்வு பயம், வேலை அழுத்தம், மணவாழ்க்கைச் சண்டை ஆகியவற்றுக்கு வழி வேறு.

1. முதலில் அவசரமா இல்லையா என்று பாருங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மற்ற படிகளை விட்டுவிட்டு 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சாகப்போவதாகச் சொல்வது, அதற்கான பொருளைச் சேர்த்து வைப்பது. நாள்கணக்கில் சோறு தண்ணீர் இல்லாமல் கிடப்பது. தனக்கோ பிறருக்கோ காயம் ஏற்படுத்தும் அளவுக்கு ஆவேசம். பிள்ளை பெற்ற சில நாட்களில் தாய்க்குத் தூக்கமே போய், பேச்சு மாறி, குழந்தையைப் பற்றி விபரீதமாகச் சொல்வது.

உடல்நோய் மனநோய் வேடம் போட்டு வருவதும் உண்டு. வயதானவர் நேற்றுவரை நன்றாக இருந்து இன்று ஆள் அடையாளம் தெரியாமல் உளறினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கிருமித்தொற்று, சர்க்கரை, ரத்தத்தில் உப்புக் குறைவு போன்றவற்றை. தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தி, இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொன்னால் அதுவும் உயிருக்கே ஆபத்தான நிலை. இவர்களைக் கோடாங்கியிடமும் கவுன்சிலிங் கொடுப்பவரிடமும் கூட்டிப்போய் நேரத்தை வீணாக்கக் கூடாது.

தற்கொலைப் பேச்சு இருக்கும் வீட்டில் பூச்சிமருந்து, எலிமருந்து, மொத்தமாக வாங்கி வைத்த மாத்திரைகள் எதுவும் இருக்கக் கூடாது. பூட்டி வைப்பதைவிட வேறு வீட்டில் கொடுத்து வைப்பது நல்லது. அந்த எண்ணம் உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே பல உயிர்களைக் காக்கிறது. "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது.

முயற்சி நடந்துவிட்டால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று மறைத்து, பக்கத்து கிளினிக்கில் வைத்துப் பார்த்துத் தாமதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 115-ஆவது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், வழக்குத் தொடுத்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

அவசரம் இல்லை, ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் 14416. இது டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-உம் இருக்கிறது. நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை, நீங்களே பேசி வழி கேட்கலாம்.

2. ஒரு நோட்டு போடுங்கள்

மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி எழுதத் தொடங்குங்கள். கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதில் "ஒரு மாதிரியா இருக்கான் சார்" என்று தொடங்கினால் நேரம் அதிலேயே போய்விடும்.

எழுத வேண்டியது நீங்கள் கண்டதையும் கேட்டதையும் மட்டும். உங்கள் விளக்கம் வேண்டாம். "பைத்தியம் மாதிரி நடந்துக்கிட்டான்" என்பதில் மருத்துவருக்கு ஒன்றும் கிடைக்காது. இப்படி எழுதினால் கிடைக்கும்:

"செவ்வாய். ராத்திரி ரெண்டு மணி வரை தூங்கலை. மொட்டைமாடியில யாரோடயோ பேசினான், நடுவுல சிரிச்சான். காலையில இட்லி சாப்பிடலை, 'அதுல மருந்து இருக்கு'ன்னான். ஓட்டல் பார்சல் சாப்பிட்டான். குளிக்கலை, அஞ்சாவது நாள்."

முதல் பக்கத்தில் நான்கு விஷயம் எழுதி வையுங்கள். எப்போது தொடங்கியது என்பது முதலாவது. தீபாவளிக்கு முன்பா பின்பா, வேலையை விட்டதற்கு முன்பா பின்பா என்று யோசித்தால் நினைவுக்கு வரும். இரண்டாவது, முன்பு இப்படி வந்ததுண்டா. மூன்றாவது, இரு பக்கத்து உறவிலும் யாருக்காவது இருந்ததா, தற்கொலை நடந்ததா. நான்காவது குடி, கஞ்சா, வலிப்பு, தலைக்காயம், சர்க்கரை, தைராய்டு. மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் "எங்க பரம்பரையிலேயே கிடையாது" என்று பதில் வரும், பிறகு திண்ணையில் தனியாகப் பேசும்போது பாட்டி ஒரு சித்தப்பாவைப் பற்றிச் சொல்வார். பாட்டியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நோட்டை நோயாளி கண்ணில் படும்படி வைக்காதீர்கள். ஏற்கெனவே எல்லோரும் தன்னை வேவு பார்ப்பதாக நினைப்பவருக்கு அது சாட்சியாகிவிடும்.

3. வீட்டில் யார் என்ன செய்வது என்று பேசி முடியுங்கள்

நோயாளியோடு ஓரளவு ஒத்துப்போகிறவர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அக்காவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம், தெருமுனை டீக்கடை நண்பனாகக்கூட இருக்கலாம். மருத்துவமனை பற்றிய பேச்சை அவர் மட்டும் பேசட்டும். ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து புத்தி சொன்னால் சந்தேகம்தான் பெருகும்.

சீட்டு, மாத்திரை, அடுத்த தேதி ஆகியவை இன்னொருவர் பொறுப்பு.

பிறகு, தடுக்கப்போவது யார் என்று யோசியுங்கள். "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்", "மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் நிறுத்த முடியாது", "யாரோ செய்வினை வெச்சிருக்காங்க" என்று சொல்லும் பெரியவர் ஒருவர் இருப்பார். அவரை விட்டுவிட்டு ரகசியமாகப் போய் வந்தால், முதல் பக்கவிளைவு தெரிந்த அன்றே மருந்து குப்பைக்குப் போகும். முதல் நாளே அவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் மருத்துவர் வாயால் கேட்க வையுங்கள். மரியாதையும் கிடைத்தது, விஷயமும் தெரிந்தது.

4. எங்கே போவது

மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. மனநல மருத்துவர், உளவியலாளர், மனநல சமூகப்பணியாளர், செவிலியர் கொண்ட குழு, மாவட்டத் தலைமை மருத்துவமனை தவிர, குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் சில ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வரும். எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்பதை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். கிழமை தெரியாமல் போய்த் திரும்பி வந்தால், பாடுபட்டுக் கிளப்பிய ஆளை இரண்டாவது முறை கிளப்புவது பெரும்பாடு.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு தனியாக உண்டு. சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. "கீழ்ப்பாக்கம்" என்ற பெயரைச் சொன்னாலே முகம் மாறும் வீடுகளில் அதைச் சொல்லித் தொடங்க வேண்டாம், உள்ளூர் ஜி.எச். போதும். தொண்டு நிறுவனங்களில் 1984 முதல் இயங்கும் ஸ்கார்ஃப், 1993 முதல் இயங்கும் பான்யன் இரண்டும் மனச்சிதைவு நோயாளிகளோடும் குடும்பங்களோடும் நீண்டகாலம் வேலை செய்தவை. தெருவில் ஆதரவற்றுத் திரிந்த பெண்களுக்காகத் தொடங்கியது பான்யன்.

யாரிடம் எதற்கு என்பதில்தான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். உளவியலாளர் சோதனைகளும் பேச்சுச் சிகிச்சையும் செய்வார், மருந்து எழுத மாட்டார். வேலை, குடும்பம், உதவித்தொகை, வீட்டுக்கு வந்து பார்த்தல் ஆகியவற்றில் கைகொடுப்பவர் சமூகப்பணியாளர். குரல் கேட்கிறது, சந்தேகம் தலைக்கேறியிருக்கிறது, வாரக்கணக்கில் தூக்கமே இல்லாமல் துள்ளிக்கொண்டிருக்கிறார் என்றால் முதல் வாசல் மனநல மருத்துவர்தான். "மாத்திரை வேண்டாம், கவுன்சிலிங் மட்டும் போதும்" என்று தொடங்குவது இங்கே மாதங்களை வீணாக்கும். கவுன்சிலிங்குக்கு இடம் உண்டு, மனம் கொஞ்சம் அடங்கிய பிறகு.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை எதிர்த்துச் சண்டை போடாதீர்கள். விபூதியும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும் என்று சொன்னால் பெரும்பாலான வீடுகள் ஒப்புக்கொள்ளும். ஆனால் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒன்று, பட்டினி போடுவதும் அடிப்பதும். மற்றொன்று, சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தர்காவை ஒட்டிய மனநோயாளிகள் விடுதியில் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தது கட்டிப்போட்டிருந்ததால்தான். மேலே சொன்ன 2017 சட்டத்தின் 95-ஆவது பிரிவு எந்த வகையில் சங்கிலியால் பிணைப்பதையும் தடை செய்கிறது.

5. வர மறுப்பவரை அழைத்துப் போவது

இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் மாதக்கணக்கில் நின்றுவிடுகின்றன. காரணம், நோயை ஒப்புக்கொள்ள வைத்த பிறகுதான் அழைத்துப் போக வேண்டும் என்று நினைப்பது. தனக்கு நோய் என்று தெரியாமல் இருப்பதே இந்த நோயின் ஒரு பகுதி. நோயை அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, டாக்டரைப் பார்க்கச் சம்மதித்தால் போதும். தூக்கத்துக்காக, தலைவலிக்காக, உடம்பு அசதிக்காக என்று அவருக்கே தொந்தரவாக இருக்கும் ஒன்றைப் பிடியுங்கள்.

வழக்கமாக நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

"பக்கத்து வீட்டுக்காரன் என்னைப் பத்தியே பேசுறான்க்கா."
"அப்படியெல்லாம் யாரும் பேசலடா. உனக்குத்தான் மூளை குழம்பிப்போச்சு."

இதோடு தம்பி அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிடுவான். மாற்றிப் பேசலாம்:

"எனக்குக் கேக்கலடா. ஆனா உனக்குக் கேக்குதுங்கிறது தெரியுது. ராத்திரியெல்லாம் இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா எப்படித் தூங்குவ?"
"எங்கக்கா தூக்கம்."
"தூக்கத்துக்கு மட்டும் ஒரு டாக்டரைப் பாப்போம். நானும் கூட வரேன். பிடிக்கலன்னா அடுத்த தடவை வர வேணாம்."

குரல் கேட்பதை மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. "ஆமா, அவன் பேசுறது எனக்கும் கேக்குது" என்று சொல்வது அந்த நேரத்துக்குச் சுலபம். ஆனால் அடுத்து அவன் பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டைக்குப் போனால் நீங்களும் துணை.

சொந்தக்காரர் கல்யாணம் என்று சொல்லி ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவது வேண்டாம். ஒரு தடவை வேலை செய்யும். அதன் பிறகு உங்களோடு பஸ்ஸில் ஏற மாட்டார், இந்தச் சிகிச்சைக்கோ வருடக்கணக்கில் பஸ் ஏற வேண்டும்.

எப்படியும் வரவில்லை என்றால் நோட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் மட்டும் போங்கள். பார்க்காத ஆளுக்குப் பொதுவாக மருந்து எழுத மாட்டார்கள், அது சரியும்கூட. ஆனால் எப்படிப் பேசுவது, எது ஆபத்து அறிகுறி, குழுவில் யாராவது வீட்டுக்கு வர முடியுமா என்பதெல்லாம் தெரியவரும். டெலி மானஸிலும் இதையே கேட்கலாம். சாப்பாட்டில் மாத்திரை கலந்து கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. மருத்துவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். உணவில் விஷம் என்று நினைப்பவர் கண்டுபிடித்துவிட்டால் அவர் சந்தேகம் உண்மையாகிவிட்டது, பிறகு உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார்.

தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால் காவல் நிலையத்தின் உதவியைக் கேட்கலாம். அதே 2017 சட்டத்தின் 100-ஆவது பிரிவின்படி, அப்படிப்பட்டவரைப் போலீஸ் தன் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. "கேஸ் எதுவும் இல்லம்மா, நாங்க என்ன செய்ய" என்று நிலையத்தில் சொன்னால் இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். அதே பிரிவு, வழிதவறித் திரியும் நோயாளிகளுக்கும் பொருந்தும்.

6. முதல் நாள் ஓ.பி.

காலை சீக்கிரம் போங்கள். நோட்டு, ஆதார், பழைய சீட்டுகள், இப்போது சாப்பிடும் மற்ற மருந்துகள், நாட்டு மருந்து உட்பட எல்லாம் கையில் இருக்கட்டும். தண்ணீரும் சாப்பாடும் எடுத்துக்கொள்ளுங்கள். பசியும் காத்திருப்பும் சேர்ந்தால் பாதியில் எழுந்து போய்விடுவார். இரண்டு பேர் உடன் போவது நல்லது, ஒருவர் வரிசைக்கு, ஒருவர் அவர் பக்கத்தில்.

அவர் எதிரில் எல்லாக் குறையையும் கொட்டாதீர்கள். நோட்டின் முதல் பக்கத்தை மருத்துவரிடம் கொடுத்து, தனியாக இரண்டு நிமிடம் கேளுங்கள். நோயாளியும் தனியாகப் பேசட்டும்.

வெளியே வருமுன் இவற்றைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள்: எந்த மாத்திரை எதற்கு, எப்போதிலிருந்து குணம் தெரியும், என்ன பக்கவிளைவு வந்தால் உடனே வர வேண்டும், ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது, அடுத்த தேதி எது. குழந்தை பெறும் வயதுப் பெண் என்றால் கர்ப்பம் பற்றி நீங்களே பேச்சை எடுங்கள். இருமுனை நோய்க்கும் வலிப்புக்கும் கொடுக்கும் வால்ப்ரோயேட் கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. நோயின் பெயரை அன்றே உறுதியாகச் சொல்லவில்லை என்றால் மருத்துவருக்குத் தெரியவில்லை என்று நினைக்காதீர்கள். சில மாதம் பார்த்துத்தான் மனச்சிதைவா இருமுனை நோயா என்று பிரிக்க முடியும்.

7. ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னால்

அவரே சம்மதித்துச் சேர்வது ஒரு வகை. அவரால் முடிவெடுக்க முடியாத நிலையில், அவருக்கென நியமிக்கப்பட்ட பிரதிநிதி விண்ணப்பித்துச் சேர்ப்பது இன்னொரு வகை. இரண்டாவது வகையில் 2017 சட்டத்தின் 89-ஆவது பிரிவின்படி முதலில் 30 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி நடைமுறை உண்டு.

பிரதிநிதியை நியமிப்பது கடினமில்லை. நோயாளி தெளிவாக இருக்கும் நாளில் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். இதை நல்ல காலத்திலேயே செய்து வைக்காமல், நெருக்கடியில் அண்ணனா மாமனாரா என்று வாசலில் சண்டை போடும் காட்சி அடிக்கடி நடக்கிறது.

டிஸ்சார்ஜ் சீட்டு வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். அடுத்த மருத்துவர், அடுத்த ஊர், பிறகு வரப்போகும் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். நகல் எடுத்து நோட்டில் ஒட்டுங்கள்.

8. முதல் ஆறு வாரம்

தூக்கமும் பதற்றமும் சில நாட்களில் சீராகும். குரலும் சந்தேகமும் குறைய வாரங்கள் பிடிக்கும். மனச்சோர்வு மருந்துக்கும் இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். இது தெரியாமல் பத்தாவது நாளில் "மருந்து பிடிக்கலை" என்று டாக்டரை மாற்றுவார்கள். புது டாக்டர் புது மருந்து, மறுபடி முதல் நாள்.

பக்கவிளைவு முன்னால் வரும், பலன் பின்னால் வரும். அதனால்தான் இந்த ஆறு வாரம் சோதனை. தூக்கக் கலக்கம், வாய் உலர்தல், கை நடுக்கம், உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருத்தல், பசி கூடுதல் ஆகியவற்றைச் சொன்னால் மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது மாற்றுவார். கழுத்தோ தாடையோ ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கண் மேலே சொருகினால் பயமாக இருக்கும், ஆனால் ஊசி போட்டால் விரைவில் சரியாகும். உடனே ஜி.எச். போங்கள், பேய் என்று வேறெங்கும் போகாதீர்கள். உடம்பு கட்டைபோல் விறைத்துக் காய்ச்சலும் சேர்ந்தால் அது அவசரம், 108.

இருமுனை நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும், சிறுநீரகமும் தைராய்டும் அவ்வப்போது பார்க்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வெயிலில் வேலை, மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரை ஆகியவை லித்தியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபின் சாப்பிடுபவர் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. தொண்டைவலியும் காய்ச்சலும் வந்தாலே காட்ட வேண்டும்.

சின்ன விஷயம், ஆனால் நிறையப் பேர் விழும் பள்ளம்: அரசு மருத்துவமனையில் போன மாதம் வெள்ளை மாத்திரை கொடுத்திருப்பார்கள், இந்த மாதம் மஞ்சள். கம்பெனி மாறியிருக்கும், மருந்து அதேதான். நிறம் மாறியதும் "தப்பா குடுத்துட்டாங்க" என்று நிறுத்துகிறவர்கள் ஏராளம். நிறத்தைப் பார்க்காதீர்கள், அட்டையில் உள்ள பெயரையும் மில்லிகிராமையும் நோட்டோடு ஒப்பிடுங்கள். உதிரியாகக் கவரில் போட்டுக் கொடுத்தால் அங்கேயே பெயரைக் கேட்டுக் கவர்மேல் எழுதுங்கள்.

தினமும் விழுங்குவதே சண்டையாக இருந்தால், சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி பற்றிக் கேட்கலாம். எல்லோருக்கும் பொருந்தாது, பொருந்துபவர் வீட்டில் நிம்மதி.

9. வீட்டுப் பேச்சை மாற்றுங்கள்

ஓயாத குறைசொல்லல், வெறுப்பு, அளவுக்கு மீறிய பாதுகாப்பு மூன்றும் உள்ள வீடுகளில் நோய் திரும்ப வருவது அதிகம் என்பது உலகம் முழுக்க ஆய்வுகளில் உறுதியான விஷயம். மூன்றாவதை நம் வீடுகளில் குறையாகவே யாரும் நினைப்பதில்லை. முப்பது வயது மகனுக்குச் சோறு பிசைந்து கொடுப்பதும், கடைக்குத் தனியே விடாததும் பாசக் கணக்கில் போய்விடும்.

எதிலும் ஆர்வமில்லாமல் சும்மா படுத்திருப்பதைச் சோம்பல் என்று திட்டுவதுதான் தினசரிச் சண்டை. மனச்சிதைவில் அது நோயின் அறிகுறி, மருந்துக்குச் சுலபமாக அடங்காத அறிகுறி. வேலை கொடுங்கள், சின்னதாக: செடிக்குத் தண்ணீர், பால் வாங்குவது, துணி மடிப்பது. தினமும் அதே நேரம், அதே வேலை. செய்ததும் "இன்னைக்கு நீயே பால் வாங்கிட்ட" என்றால் போதும். "பாத்தியா, உன்னால முடியும், இதை முன்னாடியே செஞ்சிருந்தா..." என்று நீட்டினால் பாராட்டு வசையாகிவிடும்.

கல்யாணப் பேச்சு இந்த ஆண்டு வேண்டாம். பிறகு பேசும்போதும் நோயை மறைத்து முடிக்காதீர்கள். மறைத்தால், மாத்திரை தெரிந்துவிடுமே என்று முதல் வாரமே நிறுத்துவார்கள், தூக்கமும் கெடும், புது வீட்டில் நோய் திரும்பும். மாட்டிக்கொள்வது இரண்டு பேர்.

10. நான்காவது மாதம்

இந்தப் படியைத் தாண்டுவதுதான் உண்மையான வேலை. தூக்கம் வந்துவிட்டது, சிரிக்கிறார், வேலைக்குப் போகிறேன் என்கிறார். மாத்திரையால் வந்த நலம், மாத்திரை இனித் தேவையில்லை என்பதற்குச் சான்றாக எல்லோருக்கும் தோன்றுகிறது. நிறுத்திய மறுநாளே ஒன்றும் ஆகாது, சில வாரம், சில மாதம்கூட நன்றாக இருப்பார். அதனால் நிறுத்தியதற்கும் நோய் திரும்பியதற்கும் உள்ள தொடர்பு வீட்டுக்குத் தெரிவதே இல்லை.

முதல் முறை வந்த நோய்க்கே ஓரிரு ஆண்டு மருந்து தொடரச் சொல்வது வழக்கம். திரும்பத் திரும்ப வந்தால் இன்னும் நீளும். "எவ்வளவு நாள் டாக்டர்?" என்று முதலிலேயே கேட்டு, பதிலை நோயாளி கேட்கும்படி சொல்ல வையுங்கள். குறைக்க ஆசைப்பட்டால் அதையும் வெளிப்படையாக டாக்டரிடம் கேட்கட்டும். மறைத்து நிறுத்துவதைவிடக் கண்காணிப்பில் மெல்லக் குறைப்பது எவ்வளவோ மேல்.

நலமாக இருக்கும் இந்தச் சமயத்தில் அவரோடு உட்கார்ந்து நோட்டைப் புரட்டுங்கள். போன முறை நோய் வருமுன் முதலில் மாறியது எது? பலருக்குத் தூக்கம். சிலருக்குத் திடீர் பக்தி, சிலருக்குக் கண்டபடி செலவு, சிலருக்குப் போனை அணைத்து வைப்பது. அவருடைய மூன்று அறிகுறியை அவர் வாயாலேயே சொல்லி எழுத வையுங்கள். அது தெரிந்தால் யாரைக் கூப்பிடுவது, எந்த மருத்துவமனை என்பதையும் எழுதி, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அவரே சொன்னது என்பதால் பிறகு சொல்லும்போது சண்டை குறையும்.

11. சான்றிதழும் அட்டையும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஏற்கும் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால்தான் பெரும்பாலான சலுகைகள். மதிப்பிடும்போது பார்ப்பவை நான்கு: தன்னைத்தானே கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை. இவற்றோடு எத்தனை வருடமாக நோய் இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. அதனால்தான் முதல் மாதத்திலேயே அலைவது வீண் என்கிறேன். சிகிச்சைச் சீட்டுகளின் தொடர்ச்சி இல்லாமல் மருத்துவரால் எதையும் மதிப்பிட முடியாது.

யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். ஆதார், புகைப்படம், சிகிச்சைச் சீட்டுகள் தேவை. எந்த உதவித்தொகை உங்களுக்குப் பொருந்தும் என்பதையும் அங்கேயே கேளுங்கள், டீக்கடைத் தகவலை நம்பி விண்ணப்பத்தை மாற்றிப் போடாதீர்கள்.

மதிப்பீட்டு நாளில் நடக்கும் வழக்கமான கோளாறு: டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க, இவர் "நல்லா இருக்கேன் சார், எல்லா வேலையும் நானே செய்வேன்" என்பார். பொய் சொல்லச் சொல்லிக் கொடுக்காதீர்கள். நோட்டைக் கொடுங்கள். யார் சொல்லிக் குளிக்கிறார், கடைசியாக எத்தனை நாள் வேலைக்குப் போனார் என்பது அதில் இருக்கும்.

அட்டையே வேண்டாம், பெயர் கெட்டுவிடும் என்று சொல்பவரை வற்புறுத்த வேண்டியதில்லை. ஆனால் அரசு வேலையில் இருப்பவர் என்றால் ஒன்று தெரிந்திருக்கட்டும். பணிக்காலத்தில் வந்த குறைபாட்டுக்காக வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ அந்தச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு இடம் தரவில்லை. பயந்துபோய் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தால், உடல்நோய்க்கு என்ன அடிப்படையோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்று 2017 சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்கிறது. மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்.

12. பார்த்துக்கொள்பவர்

பெரும்பாலும் அம்மாதான். அம்மாவுக்கும் சர்க்கரை, முழங்கால் வலி, தூக்கமின்மை. வாரத்தில் ஒரு அரை நாளாவது வேறொருவர் அவர் இடத்தில் நிற்க வேண்டும், அது யார் என்பதை மூன்றாவது படியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். குழுவின் சமூகப்பணியாளரிடம் மற்ற குடும்பங்கள் கூடும் சந்திப்பு ஏதும் உண்டா என்று கேளுங்கள். உறவினரிடம் சொல்ல முடியாததை அங்கே சொல்ல முடிகிறது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் "மாமாவுக்கு மனசுல ஒரு நோய், மருந்து சாப்பிடுறார், அது உன்னால வரலை" என்று அளவாகச் சொல்லிவிடுங்கள்.

"எனக்குப் பிறகு யார்?" என்ற கேள்விக்கு நேஷனல் டிரஸ்ட் என்ற மத்திய அரசு அமைப்பு மூலம் பாதுகாவலர் வாங்கலாம் என்று பலர் சொல்வார்கள். அந்த 1999 சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டும்தான். மனநோய்க்குப் பொருந்தாது, அங்கே அலைய வேண்டாம். பெற்றோரில் ஒருவர் அரசு ஊழியராகவோ ஓய்வூதியராகவோ இருந்தால், தானே பிழைத்துக்கொள்ள முடியாத மகனுக்கோ மகளுக்கோ வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு. பெற்றோர் இருக்கும்போதே சான்றிதழோடு துறையில் விவரத்தைப் பதிந்துவிடுங்கள். பிறகு அதை நிரூபிக்க அலையப்போவது அந்தப் பிள்ளைதான்.